குழாய் போன வழி

கொக்கியில் ஒன்றும் தொங்கவில்லை. கட்டிலுக்கு இடப்பக்கம் ஒரு இரும்புக் கம்பி நிற்கிறது, அதன் உச்சியில் கொக்கி, கொக்கியில் எப்போதும் சத்துப்பால் பை தொங்கும். பையிலிருந்து ஒரு மெல்லிய குழாய் இறங்கி, என் மூக்குக்குள் நுழைந்து, தொண்டை வழியாக வயிற்றுக்குப் போகும். அப்படித்தான் நான் சாப்பிடுகிறேன். இன்று காலையிலிருந்து கொக்கி வெறுமனே இருக்கிறது. தலையைத் திருப்ப முடியாது. கண்ணை ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனால் கொக்கியின் வளைவு மட்டும் தெரியும், கொஞ்ச நேரத்தில் கண் வலித்துத் தானாக நடுவுக்கு வந்துவிடும், நடுவில் மேற்கூரையின் சதுரப் பலகைகள், ஒரு பலகையில் தண்ணீர்க் கறை. மறுபடி ஓரத்துக்குப் போகிறேன், இதற்குள் யாராவது வந்து மாட்டியிருப்பார்கள் என்று. மாட்டவில்லை. இதைப் பசி என்று சொல்ல முதலில் எனக்கே கூச்சமாக இருந்தது. நாக்கில் படாத, பல்லில் படாத ஒன்றுக்காக எப்படிப் பசிக்கும். வாசனை கூடக் கிடையாது. கழுத்தில் ஓட்டை போட்டு மூச்சு மெஷினின் குழாயைச் செருகியிருக்கிறார்கள், காற்று கழுத்தோடு வந்து கழுத்தோடு போய்விடுகிறது, மூக்கு சும்மா முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, இந்தப் பால் குழாயைத் தாங்குவதற்கு மட்டும். ஆனாலும் பசிக்கிறது. விலா எலும்புக்குக் கீழே யாரோ துணியைப் பிழிவது போல ஒரு இழுப்பு, விடுகிறது, திரும்ப இழுக்கிறது. வேறு எங்கேயும் எதுவும் அசையாத உடம்பில் அது ஒன்றுதான் அசைகிறது என்று நினைத்தால் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருக்கிறது. பிறகு அந்த சந்தோஷத்தின் மேல் இன்னொன்று வந்து உட்காருகிறது. வலது மார்புக்குள், ஆழத்தில், அரிப்பு மாதிரி, உறுத்தல் மாதிரி, மெஷின் ஒவ்வொரு தடவை காற்றை உள்ளே தள்ளும்போதும் ஏதோ ஒன்று லேசாக ஆடுவது மாதிரி. பசி வேண்டும் வேண்டும் என்கிறது. அது வேண்டாம் என்கிறது. நான் நடுவில் கிடக்கிறேன்.

காலையில் உடம்பு துடைக்க என்னைப் புரட்டிப் போட்டார்கள். புரட்டும்போது பழைய குழாய் எதிலோ மாட்டிக்கொண்டு பாதிக்கு மேல் வெளியே வந்துவிட்டது. டூட்டி டாக்டர், கண்ணுக்குக் கீழே கருவளையம் போட்ட சின்னப் பையன் மாதிரி ஒருவர், புதுக் குழாயை எடுத்து முனையில் களிம்பு தடவி, "முழுங்குங்கம்மா, முழுங்குங்க" என்று சொல்லிக்கொண்டே மூக்கில் விட்டார். என்னால் விழுங்க முடியாது என்பது அவருக்குத் தெரியும், பழக்கத்தில் சொல்கிறார். நானும் பழக்கத்தில் விழுங்க நினைத்தேன். தொண்டை கேட்கவில்லை. அப்போதுதான் புரையேறியது. நன்றாக இருக்கிறவர்களுக்குப் புரையேறினால் முகம் சிவக்கும், கண்ணில் நீர் வரும், யாராவது உச்சந்தலையில் தட்டுவார்கள், யாரோ நினைக்கிறார்கள் என்பார்கள். எனக்கு இருமல் கூட வருவதில்லை. மார்பு ஒருமுறை குலுங்கியது, மெஷின் கூவியது, அவர் மெஷினைப் பார்த்தார், அது அடங்கியது. குழாய் இறங்கிக்கொண்டே இருந்தது. சிஸ்டர் அனுசுயா குழாயின் வாயில் சிரிஞ்சை வைத்துக் காற்றை அழுத்த, டாக்டர் என் வயிற்றின் மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். "சத்தம் கேக்குது" என்றார். "எதுக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துருங்க, பாத்துட்டு ஃபீட் ஆரம்பிக்கலாம்." எக்ஸ்ரே வண்டி வந்தது. முதுகுக்கடியில் சில்லென்று ஒரு பலகையைச் செருகினார்கள். எல்லோரும் ஒரு நிமிஷம் விலகி நின்றார்கள். எடுத்தார்கள். போனார்கள். அதற்குள் கடைசிக் கட்டிலில் யாருக்கோ மோசமாகிவிட்டது, செருப்புச் சத்தங்கள் எல்லாம் அந்தப் பக்கம் ஓடின. என் படம் ஏதோ ஒரு கம்ப்யூட்டருக்குள் பார்ப்பாரில்லாமல் இருக்கிறது. நான் இங்கே இருக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் வலது மார்பில் இந்த உறுத்தல். ஒருவேளை ஒன்றும் இல்லையோ. இந்த நோயில் இல்லாததெல்லாம் இருக்கிற மாதிரித் தோன்றும் என்று சொன்னார்கள். போன வாரம் பாதத்தில் எறும்பு ஊர்கிறது என்று நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன், எறும்பு இல்லை. நரம்பின் மேலுறை கரைந்துபோய்விட்டதாம். வளர்ந்துவிடும், நீங்கள் எழுந்து நடப்பீர்கள், ஆனால் மாதக்கணக்காகும், அதுவரை உடம்பைக் காப்பாற்றி வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் எங்கள் வேலை என்று பெரிய டாக்டர் சொன்னார். கை, கால், முகம், மூச்சு என்று வரிசையாக விழுந்தது. புத்தி மட்டும் விழவில்லை. விழுந்திருந்தால் எவ்வளவு நிம்மதி.

உடம்பைக் காப்பாற்றி வைப்பதைப் பற்றி ஃபர்ஹானா சொன்னது வேறு ஞாபகம் வருகிறது. இந்த ஆஸ்பத்திரியின் டயட்டீஷியன், தினமும் ஒரு முறை வந்து என் சாப்பாட்டுக்குக் கணக்குப் போடுகிற பெண். என் வீட்டுக்காரர் ஒரு நாள் அவளிடம், "ஏனுங்க, படுத்தே கெடக்கறவளுக்கு எதுக்குங்க இவ்வளவு பாலு, ஜீரணம் ஆகுமா" என்று கேட்டார். அவள் என் தலைமாட்டில் நின்றே பதில் சொன்னாள். "படுத்திருந்தாலும் உடம்பு உள்ள சண்டை போட்டுட்டே இருக்குங்கண்ணா. அதுக்குச் சாப்பாடு வேணும். வெளிய இருந்து வரலேன்னா உடம்பு தன்னோட சதையையே எடுத்துச் சாப்பிட ஆரம்பிச்சுரும். மொதல்ல கால் சதை, தொடைச் சதை. அப்புறம் மூச்சு விடற சதையும் போயிரும். அப்புறம் நரம்பு சரியானாலும் மெஷினை எடுக்க முடியாது. அதான் ஒரு வேளை கூட விடக்கூடாதுன்னு நாங்க அடம் பிடிக்கறோம்." அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மஞ்சள் மண்டியில் எடை போடுகிறவர், ஒன்று உள்ளே போனால் இவ்வளவு ஏற வேண்டும், வெளியே போனால் இவ்வளவு இறங்க வேண்டும், அது அவருக்கு உடனே புரிந்துவிடும். அவர் போன பிறகு நான் என் காலை நினைத்துக்கொண்டேன். இடது கால். கிளட்ச் கால். பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லித்தருகிறவள் நான், எங்கள் ஊரில் அதற்கென்று ஒரு டிரைவிங் ஸ்கூல் என்னுடையது ஒன்றுதான். கற்றுக்கொள்கிறவள் பக்கத்தில் உட்கார்ந்து, என் பக்கத்தில் இருக்கிற கூடுதல் கிளட்ச்சையும் பிரேக்கையும் நாள் முழுக்க மிதித்து மிதித்து அந்தக் கெண்டைச் சதை கல் மாதிரி இருக்கும். இப்போது அது எப்படி இருக்கிறதோ, போர்வைக்கடியில் எனக்குத் தெரியாது. நான் படுத்திருக்கும்போதே நான் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்ற நினைப்பு வந்ததிலிருந்து பசி வெறும் பசியாக இல்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் கெண்டைச் சதையிலிருந்து ஒரு பிய்ப்பு. யார் பிய்ப்பது, நான். யாருடையது, என்னுடையது. இதை யாரிடம் முறையிடுவது. அந்தக் காலில்தான் நோய் முதலில் தெரிந்தது. லைசென்ஸ் டெஸ்டில் ஒருத்தி பாஸ் பண்ணிய சந்தோஷத்தில் பைபாஸ் கடையில் புரோட்டா சாப்பிட்டோம், எனக்கு மட்டும் வயிற்றைக் கலக்கியது, இரண்டு நாள் போய்க்கொண்டே இருந்தது, சரியானது, அதை மறந்தும்விட்டேன். பத்து நாள் கழித்து ஒரு காலை கிளட்சை மிதிக்கிறேன், கால் போகவில்லை. காலைத் திட்டினேன். வாய் வழியாக உள்ளே வந்ததுதான் என்னை இங்கே கொண்டுவந்து போட்டது என்று டாக்டர் சொன்னபோது, இனி ஜென்மத்துக்கும் சாப்பிட வேண்டாம் என்று தோன்றியது. இன்றைக்குக் கொக்கியைப் பார்த்துக் கண் வலிக்கப் படுத்திருக்கிறேன்.

திரை விலகுகிறது. பார்வையாளர் நேரம். சென்னியப்பன், என் வீட்டுக்காரர், ஆஸ்பத்திரி கொடுத்த நீலக் கோட்டை முன்பின் மாற்றிப் போட்டுக்கொண்டு வருகிறார். எப்போதும் அவர் வரும்போது மஞ்சள் வாசனைதான் முதலில் வரும், மண்டியில் இருபது வருஷமாக நிற்கிறவர், தோலுக்குள்ளேயே போய்விட்ட வாசனை. இப்போது அவர் வாசனை இல்லாமல் வருகிறார், டிவியில் சத்தத்தைக் குறைத்துவிட்ட மாதிரி. "கண்ணு" என்கிறார். கையைப் பிடிக்கிறார். பிறகு அவர் கண் தானாகக் கொக்கிக்குப் போகிறது. தராசைப் பார்க்கிற கண். "ஏங்க சிஸ்டர், பால் பையைக் காணோம்." அனுசுயா பக்கத்துக் கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டே சொல்கிறாள், "டியூப் மாத்தியிருக்குங்கண்ணா. எக்ஸ்ரே பாத்துட்டு ஆரம்பிக்கோணும். சார் இன்னும் பாக்கல." "எப்ப மாத்துனீங்க?" "காலைல." "காலைல இருந்து ஒண்ணுமே குடுக்கலீங்களா?" அவள் ஊசியைத் தட்டில் வைத்தாள். அவர் குரலை உயர்த்தவில்லை, அவர் உயர்த்த மாட்டார், ஆனால் என் கையைப் பிடித்திருந்த பிடி மாறியது. "அந்தப் பொண்ணு சொல்லுச்சுங்க சிஸ்டர், ஒரு வேளை கூட விடக்கூடாதுன்னு. சதை கரைஞ்சு போயிரும்னு. நீங்களே இப்படி விட்டா எப்படிங்க." "தெரியுதுங்கண்ணா. அங்க ஒரு எமர்ஜென்சி. சார் வந்துருவாரு." "வரட்டுங்க. ஆனா அதுவரைக்கும் இவ என்ன பண்ணுவா." நல்ல கேள்வி. நான் என்ன பண்ணுவேன். மாமா, கேட்டுவிடுங்கள், விடாமல் கேளுங்கள், என்று பசி அவர் பின்னால் போய் நிற்கிறது. அதே நேரம் மெஷின் காற்றைத் தள்ளுகிறது, வலது பக்கத்தில் அது ஆடுகிறது. வேண்டாம் மாமா, கேட்காதீர்கள், படத்தைப் பார்க்கச் சொல்லுங்கள் முதலில். பால் அங்கே போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவருக்குச் சளி எடுக்கும்போது, கொஞ்சம் தண்ணீர் மூச்சுக் குழலுக்குள் போனதற்கே என்ன பாடுபட்டார் என்று கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். பால் பை பெரியது. நிற்காமல் இறங்கும். நான் கையை உதறமாட்டேன், இருமமாட்டேன், முகத்தைச் சுளிக்கமாட்டேன். நல்ல பேஷண்ட் என்று பெயர் வாங்கியவள். அமைதியாக நிரம்பிக்கொண்டிருப்பேன்.

அவர் என் முகத்துக்கு நேராகக் குனிகிறார். "என்ன கண்ணு. சொல்லு. எதாவது வேணுமா?" இதுதான் சமயம். எங்களுக்கு ஒரு பாஷை இருக்கிறது, பிசியோதெரபி பெண் சொல்லிக்கொடுத்தது. அவர் எழுத்துகளை வரிசையாகச் சொல்லுவார், நான் சொல்ல நினைக்கிற எழுத்து வரும்போது ஒரு தரம் இமைக்க வேண்டும். ஆமாம் என்றாலும் ஒரு தரம். இல்லை என்றால் கண்ணை மூடி வைத்துக்கொள்ள வேண்டும். இமை மட்டும் பாக்கி இருக்கிறது, அதுவும் ஈரத்துணி மாதிரி கனமாக. முதலில் மெய்யெழுத்து, அப்புறம் அதன் வரிசை. க, ங, ச என்று ஆரம்பித்து ஒவ்வொன்றாக. ஒரு சொல்லுக்கு ஆயுசு போய்விடும். அதனால் அவர் முதல் எழுத்து கிடைத்ததும் ஊகித்துவிடுவார். மூட்டையைத் தொட்டுப் பார்த்தே எடை சொல்லுகிற மனுஷர், ஊகிக்கிறதில் அவருக்கு ஒரு பெருமை, பாதி நேரம் சரியாகவும் இருக்கும். இன்று என்ன சொல் சொல்வது. நுரையீரல், நீளம். குழாய் தப்பு, இரண்டு சொல். குழாய் என்று மட்டும் சொன்னால் போதும், அவர் குழாயைப் பார்ப்பார், சிஸ்டரைக் கூப்பிடுவார். "க" என்கிறார், இமைக்கிறேன். "க, கா, கி, கீ, கு" இமைக்கிறேன். அவர் முகம் மலர்கிறது. "குளிருதா?" கண்ணை மூடுகிறேன். இல்லை. அவர் ஏ.சி.யைப் பார்த்துவிட்டு, "குளிருது பாவம், கண்ணைத் தொறக்க முடியல" என்று போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிடுகிறார், ஓரத்தைப் பக்கவாட்டில் செருகுகிறார், பாதத்தைத் தேடிப் பிடித்து மூடுகிறார். அவருடைய அந்தக் கவனிப்பு எனக்கு எரிச்சலாக வருகிறது, எரிச்சலின் மேலேயே அழுகையாகவும் வருகிறது. மறுபடி கண்ணைத் திறந்து அவரையே பார்க்கிறேன். "இன்னும் என்னமோ சொல்ற. சொல்லு." வேறு சொல். சின்னச் சொல். படம். எக்ஸ்ரே படம். மூன்று எழுத்து, அதை அவர் விட முடியாது. அவர் திரும்ப ஆரம்பிக்கிறார், க, ங, ச, ஞ, ட, ண, த, ந, அந்த எழுத்துகள் எல்லாம் வேண்டாத ஸ்டாப்புகளில் நின்று நின்று போகிற பஸ் மாதிரி, ப. இமைக்கிறேன். "ப" என்று சொல்லிவிட்டு அவர் நிறுத்துகிறார். முகம் ஒரு மாதிரி ஆகிறது. "பசியா கண்ணு?"

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். இல்லை என்று கண்ணை மூட வேண்டும். அது எனக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது பசி இல்லை, படம். ஆனால் பசி இல்லை என்று எப்படிச் சொல்வேன், பசிக்கிறதே. காலையிலிருந்து என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. எத்தனையோ நாளாக என்னை வலிக்குதா, மூச்சு முட்டுதா, இங்கே தொடுவது தெரியுதா என்று கேட்டார்களே தவிர, பசியா என்று ஒருத்தர் கேட்டதில்லை. அந்தச் சொல் காதில் விழுந்ததும் விலாவுக்குக் கீழே எல்லாம் ஒன்றாக எழுந்து நின்றது. கண் கேட்காமல் இமைத்துவிட்டது. ஒரு தரம். ஆமாம். இமைத்த உடனே தெரிந்தது என்ன செய்துவிட்டேன் என்று. மறுபடி மூடினேன், இல்லை இல்லை என்று, ஆனால் அதற்குள் அவர் நிமிர்ந்துவிட்டார், என் முகத்தைப் பார்க்கவில்லை. "சிஸ்டர், பசிக்குதுங்கறா. அவளே சொல்றா. இதுக்கு மேலயும் நான் பாத்துட்டு நிக்கணுங்களா." அனுசுயா வந்தாள். நல்லவள், அவள் கண்ணிலும் என்னவோ கலங்கியது. பசிக்கிறது என்று கண்ணால் சொன்ன பேஷண்டைப் பார்த்துக்கொண்டு யாரால் சும்மா நிற்க முடியும். போனை எடுத்தாள். "சார், நாலாம் பெட்டு. ஃபீட் இன்னும் ஆரம்பிக்கல. படம் எடுத்தாச்சு சார், நீங்க பாக்கல. காலைல சத்தம் கேட்டுச்சு. ஆமா சார். ஆமா." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்தாள். "மறுபடி ஒரு தரம் காத்து வெச்சு செக் பண்ணிட்டு, தண்ணி விட்டுப் பாத்து ஆரம்பிக்கச் சொல்லிட்டாருங்கண்ணா." அவர் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கை என் கண்ணுக்கு நேராக இருந்தது, நகக்கண்ணில் மஞ்சள். அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும். என் பக்கத்தில் ஒரு பிரேக் இருக்க வேண்டும். யாராவது ஒருத்தி பதற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால் நான் வாயைத் திறக்கவே மாட்டேன், சும்மா காலை வைப்பேன், வண்டி நிற்கும், அப்புறம்தான் பேச்சு. இங்கே மிதிக்கிறதற்கு ஒன்றும் இல்லை. ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர், வழி சொன்னது நான்.

சிஸ்டர் சிரிஞ்சில் காற்றை வைத்து அழுத்துகிறாள், வயிற்றில் ஸ்டெத்தை வைத்துக் கேட்கிறாள். நெற்றி சுருங்குகிறது. இன்னொரு தரம். "கேக்குது" என்கிறாள், தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி, "கேக்கறாப்பலதான் இருக்கு." காற்று எங்கே போனாலும் சத்தம் வரும் சிஸ்டர். இந்தப் பக்கம் பார், இந்த வலது பக்கத்தில் வை. அவள் சிரிஞ்சில் தண்ணீர் எடுக்கிறாள். குழாயின் மூடியைத் திறக்கிறாள். அவர் என் நெற்றியில் கை வைத்து, "இதா வந்துருச்சு கண்ணு, இதா குடுத்துருவாங்க" என்கிறார், எங்கள் மகள் தாரிணி கைக்குழந்தையாக இருந்தபோது சொன்ன அதே குரலில். அந்தக் குரலில் மயங்கிப் போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது. பசி வேறு வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறது. அதற்குத் தண்ணீர் எந்த வழியில் போகிறது என்பது பற்றி அக்கறை இல்லை. ஒருவேளை சரியான வழியிலேயே இருந்துவிட்டால், இந்த உறுத்தல் அந்த எறும்பு மாதிரி பொய்யாக இருந்துவிட்டால், நான் வேண்டாம் என்று சொல்லித் தடுத்து இன்னும் ஒரு வேளை போய், சதை போய், மூச்சுச் சதையும் போய். எது சரி என்று எனக்கே தெரியவில்லை. தெரியாமல் எப்படி ஒரு முடிவு எடுப்பது. தெரியாமல்தான் எடுக்க வேண்டும். கண்ணை மூடினேன். மூடிய கண்ணை இறுக்கினேன், இமைக்குள்ளே சிவப்பாக, பிறகு கருப்பாக. திறக்க மாட்டேன். பார்வையாளர் நேரம் கொஞ்சம்தான், அந்த நேரத்தில் நான் கண்ணை மூடுவதே கிடையாது, இமைக்கக்கூட மனசு வராது, அவரை அவ்வளவையும் பார்த்து வைத்துக்கொள்வேன். அது அவருக்குத் தெரியும். தெரியுமா. தெரிய வேண்டும். "கண்ணு, இங்க பாரு." திறக்கவில்லை. "பூங்கொடி." திறக்கவில்லை. இருட்டுக்குள் மெஷின் ஒரு மூச்சுத் தள்ளியது, இன்னொன்று தள்ளியது. மூக்கு நுனியில் குழாய் அசைவது தெரிந்தது, சிரிஞ்சைப் பொருத்துகிறாள்.

"ஒரு நிமிஷம் சிஸ்டர்." அவர் குரல். "வேண்டாங்கறா." "பசிக்குதுன்னு சொன்னாங்கன்னு நீங்கதான சொன்னீங்க." "சொன்னா. இப்ப வேண்டாங்கறா. கண்ணை மூடிட்டா பாருங்க. நான் இருக்கறப்ப இவ கண்ணை மூடமாட்டா." குழாயின் மேல் அழுத்தம் விட்டது. கண்ணைத் திறந்தேன். அவர் முகம் மிகக் கிட்டத்தில் இருந்தது, ஊகிக்கிற முகம் இல்லை, தராசு முள் அடங்கட்டும் என்று காத்திருப்பாரே அந்த முகம். "மறுபடி சொல்லு. நான் ஒண்ணும் பேசல. முழுசாச் சொல்லு." க, ங, ச. மெதுவாகச் சொன்னார். ப, இமைத்தேன். பா, பி என்று வரிசைக்குப் போகப் பார்த்தவர் நிறுத்தி, "வெறும் ப-வா?" இமைத்தேன். மறுபடி க-விலிருந்து. ட. இமைத்தேன். மறுபடி. அந்த மூன்றாவது எழுத்துக்குப் போகும்போது இமை விழுந்து விழுந்து எழுகிறது, தவறான இடத்தில் விழுந்துவிடுமோ என்று ஒவ்வொரு எழுத்துக்கும் பயந்துகொண்டு கிடந்தேன். ம். "ப, ட, ம். படம்." அவர் சொல்லிப் பார்த்தார். "படமா? என்ன படம்?" பையில் கைவிட்டு அவசரமாக போனை எடுத்துத் தேடி, தாரிணி காலேஜில் எடுத்துக்கொண்ட போட்டோவை என் முகத்துக்கு நேரே காட்டினார். "இதா?" என் பெண் யாரோ தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். பார்க்க வேண்டும் போலிருந்தது. கண்ணை மூடினேன். இல்லை. "அப்ப எந்தப் படம்?" அனுசுயா சிரிஞ்சைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தாள். அவள்தான் சொன்னாள், மெல்ல. "அண்ணா. எக்ஸ்ரே படத்தைச் சொல்றாங்க." என் கண்ணையே பார்த்தாள். "அக்கா, எக்ஸ்ரேவா?" இமைத்தேன். "டியூப் எங்கயாவது உறுத்துதா?" இமைத்தேன். நிறுத்த முடியாமல் மறுபடி மறுபடி இமைத்தேன். அவள் குழாயின் மூடியைப் போட்டாள், சிரிஞ்சைத் தட்டில் வைத்தாள், தட்டு சத்தம் போட்டது, திரைக்கு வெளியே கிட்டத்தட்ட ஓடினாள்.

அதற்குப் பிறகு எல்லாம் எனக்குக் கட்டிலைச் சுற்றிக் குரல்களாக நடந்தது. சின்ன டாக்டர் வந்தார். படத்தைத் தன் போனில் வைத்திருந்தார், அதைப் பார்த்தபடியே திரையை விலக்கி நுழைந்தார், நின்றார். "ரைட் சைடு" என்றார். குனிந்து, மூக்கில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பிய்த்து, குழாயை ஒரே இழுப்பாக உருவினார். வலது மார்புக்குள் இருந்த அது போய்விட்டது. அவ்வளவு சுலபமாக. உருவிய குழாயைத் தட்டில் போட்டார். "எங்கீங்க போயிருந்துச்சு?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "நுரையீரலுக்குங்க. மூச்சுக் குழல் வழியா இறங்கியிருக்கு. நான்தான் படத்தைப் பாத்துருக்கணும், பாக்காம ஆரம்பிக்கச் சொல்லிட்டேன்." "பால் ஊத்தியிருந்தா?" டாக்டர் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஊத்தலீங்களே" என்றார். என் வீட்டுக்காரர் கட்டிலை விட்டு பின்னாலேயே நகர்ந்து சுவர் வரைக்கும் போய், சுவர் தட்டுப்பட்டதும் அங்கேயே நின்றுகொண்டார். பெரிய டாக்டர் வந்து இன்னொரு குழாயை இறக்கினார், கருவி வைத்துத் தொண்டைக்குள் பார்த்துக்கொண்டே. மறுபடி வண்டி, மறுபடி சில்லென்ற பலகை, மறுபடி எல்லோரும் ஒரு நிமிஷம் விலகி நின்றார்கள். இந்த முறை யாரும் போகவில்லை, அங்கேயே நின்று படத்தைப் பார்த்தார்கள். ஃபர்ஹானா வந்திருந்தாள், மூச்சு வாங்க, யாரோ சொல்லியிருக்க வேண்டும். "இன்னைக்கு விட்டதை ஒரேயடியா ஏத்த வேண்டாம்" என்று அனுசுயாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "மெதுவா ஆரம்பிச்சு, ராத்திரிக்கும் நாளைக்குமா ஈடு கட்டிக்கலாம்." அப்புறம் என்னிடம் குனிந்து, "ஒரு வேளைல ஒண்ணும் ஆயிராதுக்கா. நான் அன்னைக்கு ரொம்ப பயமுறுத்திட்டேன் போலிருக்கு" என்றாள்.

அனுசுயாவைத் தவிர எல்லோரும் போன பிறகு அவர் சுவரை விட்டு வந்தார். பார்வையாளர் நேரம் எப்போதோ முடிந்துவிட்டது, யாரும் அவரை வெளியே போகச் சொல்லவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் அவசரப்பட்டுட்டேன் கண்ணு. நான்தான் ஊத்தச் சொல்லி நின்னேன்." இல்லை மாமா, பசியா என்று நீங்கள் கேட்டபோது ஆமாம் என்றது நான். தெரிந்தே ஆமாம் என்றேன். குழாய் எங்கே இருக்கிறது என்று சந்தேகம் வந்த பிறகும் ஆமாம் என்றேன். உள்ளே ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கு நான் செத்தாலும் பரவாயில்லை, சாப்பிட வேண்டும். அவளை எனக்கு இதுவரை தெரியாது. இதை அவருக்குச் சொல்ல வேண்டும், சொன்னால் அவர் தோள் இறங்கும். எத்தனை எழுத்து. எத்தனை தரம் க-விலிருந்து. இமை கல்லாக இருந்தது. ஒரு எழுத்துக்காவது தூக்கிப் பார்த்தேன், வரவில்லை. அவர் தன் குற்றத்தை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார், நான் என்னுடையதை வைத்துக்கொண்டு கிடந்தேன், நடுவில் கட்டில் கம்பி. "நீங்க காலைல இருந்து சாப்பிட்டீங்களாண்ணா?" என்று அனுசுயா கேட்டாள். "ஆவட்டுங்க, அப்புறம் பாத்துக்கலாம்." "கீழ கேன்டீன் இருக்குது. போய் எதாச்சும் சாப்பிட்டு வாங்க. நான் இங்கயே இருக்கேன்." அவர் என்னைப் பார்த்தார், போகட்டுமா என்பது போல. போங்க மாமா. சூடாக எதையாவது வாயில் போட்டு, மென்று, விழுங்கிவிட்டு வாருங்கள். அவருக்கு அது எப்படியோ கேட்டிருக்க வேண்டும், அல்லது களைப்பாக இருந்திருக்க வேண்டும், நீலக் கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு போனார். அனுசுயா புதுப் பையைக் கொக்கியில் மாட்டினாள், குழாயைப் பொருத்தினாள், தண்ணீர் விட்டாள், பொறுத்திருந்து என் கண்ணைப் பார்த்தாள், மார்பில் ஒன்றும் இல்லை, எப்படியோ ஒரு தரம் இமைத்தேன், திருகைத் திறந்தாள். மூக்குக்குள் சில்லென்று ஒரு கோடு. தொண்டையில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் எங்கேயும் ஒன்றும் தெரியவில்லை. பிறகு விலாவுக்குக் கீழே, அந்தத் துணி பிழிகிற இடத்தில், யாரோ பிழிவதை நிறுத்திவிட்டு எழுந்து போன மாதிரி ஒரு அமைதி, அதன் மேல் லேசாக ஒரு கனம். ருசி இல்லை, வாசனை இல்லை, சூடு இல்லை. இவ்வளவு நல்ல சாப்பாடு நான் சாப்பிட்டதில்லை. பை இறங்கிக்கொண்டிருக்கும்போதே, அது பாதிகூட ஆகவில்லை, அடுத்ததை எப்போது மாட்டுவார்கள் என்று யாரிடமாவது கேட்க வேண்டும் போல இருக்கிறது.